கழற்றி எடுத்த நாற்பத்திரண்டு எழுத்துகள்: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு 155இல்

கிரிக்கெட் உலகக் கிண்ணம் இலங்கைக்கு வந்த வருடம் அது. தை மாதத்தில் கொழும்புக் கோட்டையில் வங்கியில் குண்டு வெடித்தது. பங்குனியில் கிண்ணம் வந்தது. அதன் பிறகு மழை வர மறந்துவிட்டது. மலைநாட்டில் நீர்த்தேக்கங்களின் அடி தெரிந்தது, கொழும்பில் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். எனக்கு வருடத்தை எண்ணில் சொல்ல வராது. இப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த வருடத்து ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை, நாங்கள் மூன்று பேர் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு 155ஆம் இலக்க பஸ்ஸில் புறப்பட்டோம். தூரம் பதினொரு கிலோமீற்றர். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்தது இரண்டு பேர்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கைபேசியிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் எனக்கு வாசித்துக் காட்டி, வசனத்தைச் சீர்ப்படுத்தித் தருகிறார். மணி, தூரம், காசு இவற்றில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். அவை என் தலையில் இருந்தபடியே இருக்கட்டும்.

அப்போது நான் வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், தட்டச்சு பழக்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்தேன். தேநீர் போடுவது, மேசை துடைப்பது, மெஷின்களுக்கு ரிப்பன் மாற்றுவது என் வேலை. ஊர் ஹட்டன் பக்கம், தோட்டத்தில் பிறந்தவன். முன் அறையில் சிங்களத் தட்டச்சு படிப்பித்த பெண்மணியை எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை முத்து அய்யே என்பார், சிங்களத்தில் அண்ணன் என்று.

பின் அறையை அருள் என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை வாடகைக்கு எடுத்திருந்தான். இருபத்தாறு வயது. முந்தின வருடம் இடம்பெயர்ந்து, தாயையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தவன். அவனிடம் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அதில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தான்: ஒரே கீபோட்டில் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றையும் அடிப்பது. மேல் வரிசையில் ஒரு பொத்தானைத் தட்டினால் தமிழ் வரும், அடுத்ததைத் தட்டினால் சிங்களம், அதற்கடுத்தது இங்கிலீஷ். இப்போது கேட்டால் இதென்ன பெரிய விஷயம் என்பீர்கள். அன்றைக்கு அது ஒரு தண்ணீர்க் குழாயில் பாலும் தேநீரும் மாறி மாறி வருவது போல இருந்தது.

எழுத்துகள் அச்சடித்த ஒட்டுத்தாளை வெட்டி விசைகளில் ஒட்டுகிற வேலை எனக்கு. நீல எழுத்து தமிழ், சிவப்பு எழுத்து சிங்களம். ஒவ்வொரு விசையிலும் இடது மூலையில் சிவப்பு, வலது மூலையில் நீலம். நீலத்தில் நாற்பத்திரண்டு. எனக்கு அவை எழுத்துகளாகத் தெரியவில்லை. ஒன்று குந்தியிருக்கும் பூனை. ஒன்று கொழுந்துக் கூடை. ஒன்று மழைக்கோட்டு மாட்டும் கொக்கி. ஒன்று திரும்பிப் பார்க்கும் கோழி. ஒவ்வொன்றும் எந்த வரிசையில், யார் பக்கத்தில் குடியிருக்கிறது என்பது எனக்குப் பாடம்.

அதனால் அருள் எனக்கு இன்னொரு வேலையும் தந்தான். சோதனை. மத்தியானத்தில் கடற்காற்று ஒழுங்கைக்குள் ஏறி வரும். கடலோரமாக ரெயில் போகும்போது சுவர் மெல்ல நடுங்கும். அந்த நேரத்தில் நான் அமர்ந்து ஒவ்வொரு விசையாகத் தட்டி, விசையில் இருக்கும் உருவமும் திரையில் வரும் உருவமும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். படித்த பிள்ளைகள் இரண்டு பேரை முதலில் போட்டுப் பார்த்தான். அவர்கள் திரையில் இருந்ததைப் பார்க்காமல், இருக்க வேண்டியதைப் பார்த்தார்கள். எனக்கு இருக்க வேண்டியது எதுவென்று தெரியாது. திரையின் சாம்பல் வெளிச்சத்தில் கோழி தலை திருப்பாமல் வந்தால், "தம்பி, கோழி மற்றப் பக்கம் பார்க்குது" என்பேன். அவன் ஓடி வருவான்.

"அண்ணை, நீங்கள் படிச்சிருந்தால் எனக்கு நட்டம்" என்று சிரிப்பான்.

"படிச்சிருந்தா நான் ஏன் தம்பி உங்களுக்குத் தேத்தண்ணி போடுறேன்" என்பேன்.

நான்கு மாதம் இப்படிப் போனது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஒரு நீளமான பகல்தான் ஞாபகம் வருகிறது. மின்சாரம் போகும், திரையில் நின்ற எழுத்துகள் ஒரு புள்ளியாகச் சுருங்கி உள்ளே போய்விடும். அவை எங்கே போகின்றன என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன். மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து தட்டுவோம்.

கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருந்த சாமிப்பிள்ளை மாஸ்டர்தான் முதல் ஆளாக இதைக் கேட்டார். அவரிடம் கொம்பியூட்டர் இருந்தது, இங்கிலீஷ் மட்டும். கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் மூன்று பாஷையில் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், கொண்டுவந்து மெஷினில் பூட்டித் தாருங்கள் என்றார். எங்கள் கீபோட் ஒன்று, டிஸ்க் மூன்று; அவ்வளவுதான் சாமான். சிங்களத்தைச் சரிபார்க்க மிஸ்ஸும், தமிழ் உருவங்களைப் பார்க்க நானும் அருளோடு போவதாக முடிவானது.

புறப்பட அரை மணி இருக்கும்போது அருளுக்கு ஒரு பயம் வந்தது. வழியில் மூன்று சோதனைச் சாவடி. அவன் அடையாள அட்டையில் வடக்கு விலாசம். பொலிஸ் பதிவுத் துண்டு சரியாக இருந்தது, இருந்தாலும் பயம்.

"அண்ணை, நீல எழுத்தெல்லாத்தையும் கழட்டுவம்" என்றான். "அங்க போய் ஒட்டலாம்."

மிஸ் வாசலில் குடையோடு நின்றார். அவருடைய தமிழ் கொஞ்சம் வளைந்துதான் வரும், ஆனால் கருத்து வளையாது. அருளைத் தம்பி என்பதற்கு மல்லி என்பார். "ஏன் மல்லி கழட்டுறது? அப்படியே கொண்டு போங்க."

"உங்களுக்கு விளங்காது மிஸ். தமிழ் எழுத்தைக் கண்டால் ஆயிரம் கேள்வி கேப்பினம்."

"கழட்டினா ரெண்டாயிரம் கேள்வி."

நான் அருள் பக்கம் நின்றேன். "தம்பி சொல்றது சரிதாங்க மிஸ். நமக்கு எதுக்கு வம்பு" என்றேன். என் நகத்தால்தான் நாற்பத்திரண்டையும் உரித்தேன். அவசரத்தில் அருள் அவற்றை வாங்கி, ஒட்டுத்தாளின் வழவழப்பான பக்கத்தில் தாறுமாறாக ஒட்டி, நான்காக மடித்துச் சட்டைப் பையில், அடையாள அட்டையோடு வைத்தான். கீபோட்டில் சிவப்பு எழுத்து மட்டும் இருந்தது. அதை நான் துணிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்று ஐந்துக்கு பஸ். ஆளுக்கு ஆறு ரூபாய். பம்பலப்பிட்டி வரை கடல் குறுக்கு வீதிகளின் முடிவில் வெள்ளித் துண்டுகளாக வந்து வந்து போனது. தும்முல்லையில் திரும்பியதும் மரநிழல். நகர மண்டபம், மருதானை. முதல் இரண்டு சாவடிகளிலும் இராணுவப் பிள்ளை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான். அருள் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நானும் பாதி நித்திரை. ஆமர் வீதி தாண்டும்போது பஸ்ஸுக்குள் இருந்த எல்லோரும் ஒரே கனவைக் காண்பது போல, ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.

மூன்றாவது சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அது எந்த இடம் என்று சொல்லத் தேவையில்லை. கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு நடந்து பத்து நிமிடம். மணி இரண்டு ஐந்து. ஒரு கான்ஸ்டபிள் அருளின் பையைத் தடவி, மடித்த தாளையும் அட்டையையும் எடுத்து, தகரக் கொட்டகைக்குள் மேசையில் இருந்த அதிகாரியிடம் கொடுத்தான். எங்கள் மூவரையும் ஒதுக்கி நிறுத்தினார்கள். பஸ் எங்களை விட்டுப் போய்விட்டது.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். தடித்த மூக்குக்கண்ணாடி. தாளை விரித்தார். நீல எழுத்துகள், சில தலைகீழாக, சில சாய்ந்து.

"மொனவத மே?" என்றார். இது என்ன என்று. அதன் பிறகு நடந்ததெல்லாம் சிங்களத்தில். எனக்கு அந்தப் பாஷை பேசத் தெரியும், அதனால் தமிழில் சொல்கிறேன்.

"கீபோட்டில் ஒட்டுகிற எழுத்து சார்" என்றான் அருள்.

"கீபோட் எங்கே?"

நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் சிங்கள எழுத்து ஒட்டியிருக்கிறது. தமிழ் எழுத்து மட்டும் சட்டைப் பையில் ஏன்?"

அருள் பஸ் போன பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நல்ல காரியத்துக்கு என்றால் ஏன் கழற்றினாய்? இது என்ன வரிசை? யாருக்குக் கொண்டுபோகிறாய்?"

அந்தத் தாளை அவர் பக்கத்திலிருந்து பார்த்தபோது எனக்கே அது ஏதோ இரகசியச் செய்தி போலத்தான் தெரிந்தது. அருளை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அதில் ஏற்கனவே இரண்டு பேர் இருந்தார்கள். நான்கு மணிக்கு வண்டி வரும், பெஞ்சில் இருப்பவர்கள் அதில் போவார்கள் என்று கான்ஸ்டபிள் சொன்னான். அந்த வண்டியில் போனவர்கள் சிலர் மூன்றாம் நாள் வந்தார்கள். சிலரை எங்கே தேடுவதென்று வீட்டாருக்குத் தெரியவில்லை. அருளின் தாய் வெள்ளவத்தையில் அவனுக்குச் சோறு மூடி வைத்திருப்பாள் என்ற நினைப்பு எனக்கு வந்தது.

எனக்குப் பேச்சு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "சார், அந்தத் தாளைத் தாருங்கள். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் காட்டுகிறேன். அச்சகத்தில் மெஷின் இருக்கிறது. விசையில் இருப்பதுதான் திரையில் வரும். நீங்களே தட்டிப் பாருங்கள்."

"உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"சிங்களம்?"

"அதுவும் தெரியாது சார்."

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். "கொம்பியூட்டர் என்ஜினியர்" என்றான் ஒருவன். அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றார். "ஒன்று பிழைத்தாலும் அவன் வண்டியில் போவான். தெரிகிறதா?"

அருளின் அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டு அவரே எங்களோடு நடந்தார். மணி இரண்டு முப்பத்தைந்து. வெயிலில் தார் இளகி, செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது. கோவில் கோபுரமும் மாதா கோயில் கூரையும் ஒரே வெள்ளை வானத்தில் மிதந்தன. நான் நடக்க நடக்க, கண்ணுக்குள் கீபோட்டை விரித்து, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டு போனேன். கூடை, கொக்கி, கோழி, பூனை. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

இரண்டு நாற்பத்தைந்துக்கு அச்சகம். சாமிப்பிள்ளை மாஸ்டர் வாசலுக்கு வந்தார்.

"என்ன முத்து, நான் கீபோட்தானே கேட்டன். இன்ஸ்பெக்டரையும் சேர்த்துக் கொண்டுவாறீர்?"

"மாஸ்டர், பேசாம மெஷினைப் போடுங்க. தம்பியைப் புடிச்சி வச்சிருக்காங்க."

மாஸ்டரின் முகம் மாறியது. "மூண்டரைக்கு கரண்ட் போயிரும்" என்றார், குரலை இறக்கி.

டிஸ்க் போடுவது மிஸ்ஸுக்குத் தெரியும். அருள் செய்வதைப் பல தடவை பார்த்தவர், இரண்டு தடவை தானே செய்தவர். முதல் டிஸ்க் போனது. இரண்டாவது கரகரவென்று சத்தம் போட்டு நின்றது. மிஸ் அதை வெளியே எடுத்து, சேலைத் தலைப்பால் ஒற்றி, மறுபடி போட்டார். மறுபடி நின்றது. மூன்றாம் முறை ஓடியது. அதற்குள் மூன்று மணி ஐந்து. நான் கீழே தரையில் அமர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துகள் வழியில் சூடாகி, பசை குறைந்திருந்தது. ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

மூன்று பதினெட்டுக்கு நாற்பத்தொன்று முடிந்தது. தாள் காலி. ஒரு விசை வெறுமையாக இருந்தது.

குந்தியிருக்கும் பூனையைக் காணவில்லை.

தாளைத் திருப்பினேன். பைக்குள் கைவிட்டேன். தரையைத் தடவினேன். வெறும் விசையோடு கீபோட்டை மெஷினில் பூட்டினோம். அதிகாரி நாற்காலியில் அமர்ந்து, ஒரு விரலால் தட்டத் தொடங்கினார். தட்டுவார், திரையைப் பார்ப்பார், குனிந்து விசையைப் பார்ப்பார். தமிழ் விஷயத்தில் அவரும் நானும் ஒன்று; இரண்டு பேரும் உருவத்தைத்தான் பார்த்தோம். கூடை வந்தது, கூடை இருந்தது. கொக்கி வந்தது, கொக்கி இருந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. நாற்பத்தொன்றும் சரி.

வெறும் விசையில் விரலை வைத்தார். திரையில் பூனை வந்து குந்தியது.

"இது எங்கே?"

"காணவில்லை சார்."

"நாற்பத்தொன்று இருக்கிறது, ஒன்று இல்லை. அப்படியென்றால் அது எங்கோ போயிருக்கிறது." குரல் மறுபடி கொட்டகையில் கேட்ட குரலாகிவிட்டது. அருளின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ள, பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். மாஸ்டரிடம் பேனை கேட்டார். மாஸ்டர் பேனையை நீட்டியபோது அட்டை அதிகாரியின் கையில் திரும்பியது.

அட்டையின் முதுகில் பூனை ஒட்டியிருந்தது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார். அந்த மத்தியானம் முழுக்க அதைத் தன் நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு நடந்தது அவர்தான். பிறகு சுண்டுவிரல் நகத்தால் மெதுவாக உரித்து, வெறும் விசையில் தானே ஒட்டினார். கொஞ்சம் சரிந்துவிட்டது. சரிசெய்யப் பார்த்தார், வரவில்லை.

"அப்படியென்றால் ஏன் கழற்றினீர்கள்?" என்றார். இந்த முறை மிஸ்ஸைப் பார்த்து, கேள்வியாகவே கேட்டார்.

மிஸ் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்களுக்குப் பயந்துதான் சார்" என்றார்.

அப்போது மின்சாரம் போனது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றாக மெலிந்தது. திரையில் பூனை ஒரு புள்ளியாகி உள்ளே போனது. மங்கலில் அவர் கண்ணாடி மட்டும் தெரிந்தது. எழுந்து நடந்தார். நான் கீபோட்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு மிஸ்ஸோடு பின்னால் ஓடினேன். மாஸ்டர், "அது எனக்கல்லவா கொண்டுவந்தது" என்று கேட்டது காதில் விழுந்தது. எங்கள் கையில் வேறு சாட்சி இல்லை.

மூன்று நாற்பத்தைந்துக்குக் கொட்டகை. அதிகாரி அட்டையை அருளிடம் நீட்டினார். "ஹரி, யன்ன" என்றார். சரி, போ. அருள் எழுந்தபோது, மெல்லச் சொன்னார்: "அடுத்த சாவடியில் நான் இருக்க மாட்டேன்."

அது எச்சரிக்கையா, வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெஞ்சில் இருந்த மற்ற இருவரும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்காகப் பேச என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அந்தப் பார்வைகளையும் நான் மறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அருள் என்னிடம் பையைக் கேட்டான், கீபோட்டை மறைக்க. மிஸ் கீபோட்டைக் கொடுக்கவில்லை. எழுத்துகள் மேலே தெரிய அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குடையைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். மருதானைச் சாவடியில் ஏறிய இராணுவப் பிள்ளை அதைப் பார்த்தான்.

"அக்கா, தட்டச்சு வேலையா?"

"ஓவ்" என்றார் மிஸ், ஆமாம் என்று.

அவ்வளவுதான். அவன் இறங்கிப் போய்விட்டான். அருள் சன்னலில் தலையைச் சாய்த்து, வெள்ளவத்தை வரும்வரை அழுதான். அடுத்த வாரம் மாஸ்டருக்கு வேறொரு கீபோட் கொண்டுபோனோம், நீலமும் சிவப்பும் ஒட்டினபடியே. அதன் பிறகு ஒட்டியதை நாங்கள் ஒருநாளும் கழற்றவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விபரங்கள். போன மாதம் நான் அதே வழியில் மறுபடி போய்வந்தேன். 155 இப்போதும் ஓடுகிறது. எழுபது ரூபாய் வாங்கினார்கள். காலை ஒன்பதரைக்கு ஏறினால் ஐம்பது நிமிடம், மத்தியானம் என்றால் ஒன்றேகால் மணி. இடது பக்க ஜன்னலில் இருங்கள், பம்பலப்பிட்டி வரை கடல் துண்டு துண்டாகத் தெரியும். சாவடிகள் ஒன்றும் இல்லை. மூன்றாவது சாவடி இருந்த இடத்தில் ஒருவர் அன்னாசித் துண்டு விற்கிறார், உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, நூறு ரூபாய். அச்சகம் இருந்த கட்டிடத்தில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் கோவிலும் மாதா கோயிலும் இருக்கின்றன. இரண்டிலும் மத்தியானத்தில் நிழல் நல்லது. தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள்.

சாமிப்பிள்ளை மாஸ்டர் சண்டை முடிவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அருள் தாயோடு வெளிநாடு போனான். தாய் முதலில், சில வருடம் கழித்து அவனும், அங்கேயே கண்ணை மூடினார்கள். அவன் செய்ததை இப்போது எவரும் பாவிப்பதில்லை. அதைவிட நல்லது வந்துவிட்டது, நான் பேசப் பேச அது எழுதுகிறது. அதிகாரியை ஒருநாள் பத்திரிகையில் கண்டேன். மரண அறிவித்தல் பக்கம் என்பது படங்களைப் பார்த்தே தெரியும். அந்தக் கண்ணாடியை உடனே அடையாளம் கண்டேன். பெயரை வாசித்துச் சொல்லட்டுமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கொட்டாஞ்சேனையோடு பயணத்தை முடிக்காதீர்கள். அதே பஸ்ஸில் திரும்பி வெள்ளவத்தையில் இறங்கி, காலி வீதியில் இன்னொரு பஸ் எடுத்துத் தெஹிவளைச் சந்திக்குப் போங்கள். அங்கிருந்து த்ரீவீலில் களுபோவில ஆஸ்பத்திரிப் பக்கம், இருநூற்றைம்பது ரூபாய். போன மாதம் நான் அப்படித்தான் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சிறிய வீடு. அலுமாரியின் மேல், துவாயால் மூடி, அந்தக் கீபோட் இருக்கிறது. சிவப்பெல்லாம் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது, நீலம் சாம்பலாகிவிட்டது. ஒரு விசையில் பூனை இன்னும் சரிந்தபடியே குந்தியிருக்கிறது. வீட்டுக்காரி அதைக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்து, எழுத்துகள் மேலே தெரிய, எனக்குக் காட்டினார். அன்று அந்த வழியில் போனவர்களில், என்னைத் தவிர, அவர் மட்டும்தான் மிச்சம். முப்பது வருடமாக நான் மிஸ் என்றே கூப்பிட்டுவிட்டேன். அவர் பெயர் குசுமாவதி.